ஒரே ஊரில் மூன்று ராத்திரியா? இத்தாலி மலையூரும் நம் பயணக் கணக்கும்

இத்தாலி போகும் நம்மவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ரோமில் மூன்று நாள், ஃபுளோரன்ஸில் இரண்டு நாள், வெனிஸில் ஒரு நாள். நடுவில், 'ரீல்ஸ்ல வந்துச்சே, மலை மேல ஒரு பழைய ஊரு, அதையும் பார்த்துடலாம்' என்று ஒரு வரி. காலை பத்தரைக்கு இறங்குவது, தேவாலயம் பார்ப்பது, ஜெலாட்டோ சாப்பிடுவது, நாலு படம் எடுப்பது, நாலு மணி ரயிலைப் பிடிப்பது. அவ்வளவுதான், ஊர் 'முடிந்தது'.

என்னைக் கேட்டால், அந்த ஒரு நாள் வீண். மலையூருக்குப் போவதானால் வெள்ளிக்கிழமை மாலை போய்த் திங்கள் காலை கிளம்புங்கள், மூன்று ராத்திரி அங்கேயே தங்குங்கள். அதற்கு மனமில்லை என்றால் அந்த நாளை ரோமுக்கே கொடுத்துவிடலாம். ரோமில் பார்க்க இன்னும் பாக்கி இருக்கும்.

'ஒரு சின்ன ஊருக்கு மூணு நாளா? லீவு கிடைக்கறதே பத்து நாளு' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பொதுவாகப் பேசாமல் ஒரு ஊரை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் இடையே, உம்ப்ரியா மாநிலத்தில் இருக்கும் ஓர்வியேட்டோ.

பாறை மேல் எதற்கு ஊர்?

ரோமிலிருந்து சாதாரண ரயிலில் ஒன்றே கால் மணி நேரம் அளவில் ஓர்வியேட்டோ வந்துவிடும். ஆனால் நிலையத்தில் இறங்கினால் ஊர் இருக்காது. அண்ணாந்து பார்க்க வேண்டும். சமவெளி நடுவில் நாலாபுறமும் செங்குத்தாக நிற்கும் ஒரு பாறை, அதன் தலையில் ஊர். எரிமலை கக்கிய சாம்பல் இறுகி உண்டான 'டூஃபா' என்ற மென்பாறை அது.

நிலையத்துக்கு எதிரிலேயே ஃபனிகுலர் இருக்கிறது. நம் பழனி விஞ்ச் மாதிரி, கயிறு இழுக்கும் ரயில். 1888-இல் ஆரம்பித்தபோது அதற்கு எஞ்சின் கிடையாது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள். அந்தப் பாரத்தில் அது கீழே இறங்க, கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பெட்டி மேலே ஏறும். 1970-இல் நிறுத்தி, 1990-இல் மின்சாரத்தில் மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தை முதலில் பிடித்தவர்கள் எட்ருஸ்கர்கள், ரோமானியருக்கு முன்பே மத்திய இத்தாலியில் கோலோச்சியவர்கள். சுவர் கட்டாமலே கோட்டை கிடைக்கிறதே, வேறென்ன வேண்டும்? இருந்தும் கி.மு. 264-இல் ரோமானியப் படை ஊரை அழித்து, மக்களை வேறு இடத்துக்கு விரட்டியது. இன்றும் பாறையின் அடிவாரத்தில் அவர்களுடைய கல்லறை வரிசை இருக்கிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில், தெருத் தெருவாக நேர்கோடு போட்டுக் கட்டிய கல் அறைகள், ஒவ்வொரு வாசல் மேலும் அந்தக் குடும்பத்தின் பெயர். பெயர்ப் பலகை மாட்டிய காலனி போலவே இருக்கும். பகல் பயணிகளில் பெரும்பாலானவர்கள் இதற்குப் போவதில்லை, நேரம் இருக்காது.

பாறை மேல் ஊர் கட்டினால் ஒரு பெரிய சிக்கல் தண்ணீர். எதிரி உள்ளே வர வேண்டாம், கீழே முற்றுகையிட்டு உட்கார்ந்தாலே போதும், மேலே இருப்பவர்கள் தாகத்தில் பணிந்துவிடுவார்கள். 1527-இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது தப்பித்து இங்கே வந்த போப் ஏழாம் கிளமெண்டுக்கு இந்தப் பயம் வந்தது. (இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் தூதர்கள், ராஜாவின் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்டு அவர் முன் வந்து நின்றதும் இந்த ஊரில்தான். அது வேறு கதை.) அன்டோனியோ ட சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞரை அழைத்து ஒரு கிணறு வெட்டச் சொன்னார். 1537-இல் வேலை முடியும்போது கிளமெண்ட் உயிரோடு இல்லை.

புனித பேட்ரிக் கிணறு என்று பெயர். சுமார் 53 மீட்டர் ஆழம். அதன் சுவரைச் சுற்றி இரண்டு சுழல் பாதைகள் இறங்குகின்றன. ஒன்றை ஒன்று எங்கும் வெட்டாமல், ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு போகும். ஒரு பாதையில் கோவேறு கழுதைகள் காலிக் குடத்தோடு இறங்கும், அடியில் ஒரு சின்னப் பாலத்தைக் கடந்து, மறு பாதையில் தண்ணீரோடு ஏறிவிடும். எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ள வாய்ப்பே கிடையாது. ஒவ்வொரு பாதையிலும் 248 படிகள், கழுதை நடக்கத் தோதாக அகலமாக, தாழ்வாக. நடுக்குழியின் பக்கம் எழுபது சன்னல் அளவில் திறந்திருப்பதால் வெளிச்சம் மேலிருந்து கீழே வரை வடிகிறது. அவசரமாக இறங்கி ஏறினால் மூச்சுதான் வாங்கும். நடுவில் ஒரு சன்னலில் நின்று, எதிர்ச் சுவரில் ஏறிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு புரியும்.

மென்பாறை என்பதால் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குக் கீழே தோண்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட குகைகள், சுரங்கங்கள். ஒயின் வைக்க, எண்ணெய் ஆட்ட, கட்டுமானத்துக்கு மண் எடுக்க, புறா வளர்க்க. சுவரில் வரிசையாகப் பொந்துகள் வெட்டி, வெளிப்பக்கம் ஒரு சன்னல் விட்டுவிட்டால் புறா தானே பறந்து போய்த் தின்றுவிட்டு வந்து அடையும், தீனிச் செலவில்லை. முற்றுகை நேரத்தில் இறைச்சிக்கு உத்தரவாதம். ஓர்வியேட்டோ உணவகங்களின் மெனுவில் இன்றும் புறா இருப்பது இதனால்தான்.

இப்படித் தோண்டியதற்கும், பாறைக்கு அடியில் இருக்கும் களிமண் நகர்வதற்கும் சேர்த்து ஒரு விலை உண்டு. 1970-களில் பாறை விளிம்புகள் சரிந்தன. ஊரே போய்விடும் என்ற பயத்தில் இத்தாலி நாடாளுமன்றம் 1978-லும் 1987-லும் ஓர்வியேட்டோவையும், அருகில் உள்ள தோடி என்ற ஊரையும் காப்பாற்றத் தனிச் சட்டங்கள் போட்டது. பாறைக்குள் இரும்புக் கம்பிகள் செருகி இறுக்கினார்கள். மழைநீர் வடிகால்களைச் சரிசெய்தார்கள். நாம் படம் எடுக்கும் அந்தக் 'கால மாற்றமே இல்லாத' மலையூர், உண்மையில் நாற்பது ஆண்டுப் பொறியியல் வேலையால் நிற்கிறது.

நாலு மணிக்குப் பிறகு என்ன நடக்கிறது?

ஓர்வியேட்டோவின் பெயர் வெளியே தெரியக் காரணம் அதன் தேவாலயம். 1290-இல் அடிக்கல் போட்டு, முகப்பு முழுதாக முடிய சுமார் முந்நூறு ஆண்டுகள் ஆனது. பக்கச் சுவர்கள் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கும். முகப்பு முழுக்கத் தங்க நிற மொசைக்கும் செதுக்கு வேலையும். இந்த முகப்பு மேற்குப் பக்கம் பார்த்தது. காலையில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும், மொசைக் மங்கலாகத்தான் தெரியும். சாயங்கால வெயில் நேராக அடிக்கும்போதுதான் அது பற்றிக்கொண்ட மாதிரி ஜொலிக்கும். கோடைக்காலத்தில் அந்த வெளிச்சம் வருவதற்கு முன்பே நம் ஆட்கள் நாலு மணி ரயிலுக்காக ஃபனிகுலர் வரிசையில் நிற்பார்கள். எதைப் பார்க்க வந்தார்களோ, அது அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கும்.

உள்ளே சான் பிரிட்சியோ சிற்றாலயம். 1447-இல் ஃப்ரா ஆஞ்சலிகோ தொடங்கி விட்டுப்போன சுவர்களை, 1499 முதல் 1504 வரை லூகா சின்யோரெல்லி வரைந்து முடித்தார். உலகத்தின் கடைசி நாள்தான் பொருள். தரையைப் பிளந்துகொண்டு மனிதர்கள் எழுந்து வருகிறார்கள். சிலர் இன்னும் எலும்புக்கூடு, சிலருக்கு இப்போதுதான் சதை கூடியிருக்கிறது, ஒருவர் பாதி மண்ணுக்குள் மாட்டிக்கொண்டு கையை ஊன்றித் திமிறுகிறார். இன்னொரு சுவரில் கிறிஸ்துவைப் போலவே இருக்கும் ஒரு போலி கூட்டத்துக்கு உபதேசம் செய்கிறது, சாத்தான் பின்னால் நின்று காதில் ஓதுகிறான். மூலையில் கறுப்பு உடையில் நின்று நம்மைப் பார்ப்பவர் ஓவியரே. பத்து நிமிடத்தில் இதை வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம். முதல் நாள் பார்த்துவிட்டு, ராத்திரி அதைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு, மறுநாள் இன்னொரு டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருங்கள். அந்த இரண்டாவது டிக்கெட் பணம் வீணாகாது.

மாலை ஆறு மணிக்கு மேல் பிரதானத் தெருவான கோர்சோ கவூரில் ஊர்க்காரர்கள் நடக்க வருவார்கள். பாஸெஜ்ஜாத்தா என்பார்கள். தாத்தா பாட்டி, ஸ்ட்ரோலர் தள்ளும் அப்பா, பள்ளிக்கூடப் பையன்கள், எல்லோரும் சும்மா மேலும் கீழும் நடப்பார்கள், நிற்பார்கள், பேசுவார்கள். தேவாலயத்துக்குப் பக்கத்துக் கோபுரத்தில் மௌரிட்சியோ என்று அழைக்கப்படும் வெண்கல ஆள் மணியடிப்பார். தேவாலயம் கட்டிய தொழிலாளிகளின் வேலை நேரத்தைக் கணக்கு வைக்க 14-ஆம் நூற்றாண்டில் வைத்த கடிகாரம் அது. லாக்-இன், லாக்-அவுட் பார்த்தே நாளைக் கழிக்கும் நமக்கு அந்த மணி கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும்.

பகல் பயணிக்கு இன்னொரு இழப்பு சாப்பாட்டில். நல்ல உணவகங்கள் மதியம் மூன்று மணிக்குள் அடுப்பை அணைத்துவிட்டு, இரவு ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். இடைப்பட்ட நேரத்தில் பசியோடு அலைபவருக்குக் கிடைப்பது, சுற்றுலாக்காரர்களுக்கென்றே திறந்து வைத்திருக்கும் கடையின் சூடு பண்ணிய பீட்சா. இரவு தங்கினால் உம்ப்ரிகெல்லி கேட்டுச் சாப்பிடலாம். முட்டை சேர்க்காமல், மாவும் தண்ணீரும் பிசைந்து கையால் உருட்டும் தடிமனான பாஸ்தா. தக்காளி, பூண்டு, ட்ரஃபிள் காளான் என்று சைவத்திலும் தாராளமாகக் கிடைக்கும். கண்டிப்பான சைவக்காரர்களுக்கு ஒரு தகவல்: பார்மெசான் சீஸைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைத்தான் சேர்ப்பார்கள். வேண்டாம் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ரொட்டியில் உப்பு இல்லையே என்று சர்வரைக் கேட்காதீர்கள், அந்தப் பக்கத்து வழக்கமே அப்படி.

மூன்று நாளில் போரடிக்காதா?

அடிக்கலாம். இரண்டாம் நாள் பிற்பகல் ஒரு மணிக்குக் கடைகள் சாத்திவிட்டு ஊர் தூங்கப் போகும்போது, 'இப்ப என்ன பண்றது?' என்று தோன்றும். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம் என்னும்போது அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பாறையின் அடியைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, அதற்குப் போங்கள். கல்லறை வரிசையும் அந்த வழியில்தான். சனிக்கிழமை காலை என்றால் மக்கள் சதுக்கத்தில் சந்தை கூடும். வியாழக்கிழமையும் உண்டு. அதையும் முடித்துவிட்டால் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். கவுன்டரில் நின்று குடித்தால் காபி மலிவு, மேசையில் உட்கார்ந்தால் விலை கூடும்.

லீவு கணக்குக்கு வருவோம். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? காலை பத்து மணிக்கு அறையைக் காலி பண்ண வேண்டும். பெட்டியோடு நிலையம், ரயில், மறுபடி பெட்டியோடு அறை தேடல். அங்கே மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். அரை நாள் போயிற்று. பத்து நாளில் ஏழு ஊர் என்றால் ஆறு முறை மாற்றம், மூன்று முழு நாட்கள் பெட்டி தூக்குவதற்கே. அந்த மூன்று நாட்களைத்தான் ஒரே ஊரில் செலவழிக்கலாம் என்கிறேன். ஊரைக் கூட்டுவதால் நாள் கூடுவதில்லை.

விசாவிலும் இது உதவும். ஷெங்கன் விண்ணப்பத்தில் ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறோம் என்று காட்ட வேண்டும், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஊர் குறைந்தால் காகிதமும் குறையும், குழப்பமும் குறையும். 90 யூரோ கட்டணம் கட்டிவிட்டோமே, எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்கள், இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா பெற வழி இருக்கிறது. 'இதுதான் முதலும் கடைசியும்' என்று ஓட வேண்டிய கட்டாயம் முன்பு போல் இல்லை. ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலை பார்க்கும் நம் ஐ.டி. பிள்ளைகளுக்கு அந்தச் சாக்கும் கிடையாது, ரோமுக்கு இரண்டு மணி நேரச் சொச்ச விமானப் பயணம்தான்.

ஊர்க்காரர்களுக்கு என்ன லாபம்?

நேரக் கணக்கை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். ஓர்வியேட்டோவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் சிவிதா தி பாஞ்ஞோரேஜோ என்ற இன்னொரு மலையூர் இருக்கிறது. பாறை அரித்து அரித்து, நடைபாலம் ஒன்றுதான் வெளியுலகத் தொடர்பு. 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்றே பெயர். நிரந்தரமாக வசிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், வருகிறவர்களோ ஆண்டுக்கு லட்சக்கணக்கில். 2013-இல் பாலத்தில் நுழைய ஒன்றரை யூரோ கட்டணம் வைத்தார்கள், இப்போது ஐந்து யூரோ. கட்டணம் வைத்த பிறகும் கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. அந்தப் பணத்தில் பாறையைப் பராமரிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் டிக்கெட் வாங்கி உள்ளே போகும் இடத்துக்கு ஊர் என்று பெயரா, கண்காட்சி என்று பெயரா? மளிகைக் கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, நினைவுப்பொருள் கடை இருக்கிறது.

வெனிஸ் நகரம் 2024-இல் குறிப்பிட்ட நாட்களில் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் கொண்டுவந்தபோது, அதை யாரிடம் வாங்கியது என்று கவனியுங்கள். பகலில் வந்து போகிறவர்களிடம். இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு. ஏனென்றால் தங்குகிறவர் அறை வாடகை தருகிறார், தங்கும் வரி தருகிறார், இரவு உணவும் காலைக் காபியும் அங்கேயே சாப்பிடுகிறார். பகல் பயணி குப்பைத் தொட்டியையும் கழிப்பறையையும் பயன்படுத்திவிட்டு, ஒரு ஐஸ்கிரீம் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஓர்வியேட்டோ இன்னும் சிவிதா ஆகவில்லை. நகராட்சி எல்லைக்குள் சுமார் 20,000 பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு பகுதியினர் பாறை மேலேயே குடியிருக்கிறார்கள். 1999-இல் 'சித்தாஸ்லோ' என்ற மெதுவான நகரங்கள் இயக்கத்தைத் தொடங்கிய நான்கு ஊர்களில் இதுவும் ஒன்று. தலைமையகமும் இங்கேதான், சின்னம் நத்தை. 50,000 பேருக்குக் குறைவான ஊர்கள்தான் சேர முடியும். காரைக் கீழேயே நிறுத்திவிட்டு எஸ்கலேட்டரிலும் லிஃப்டிலும் பாறைக்குள்ளேயே ஏறி வர வழி செய்திருப்பது இந்தப் போக்கின் ஒரு அடையாளம். ஆனால் பலகை மாட்டிவிட்டால் ஊர் பிழைத்துவிடாது. இளைஞர்கள் வேலை தேடி ரோமுக்கும் மிலானுக்கும் போகிறார்கள், காலி வீடு குறுகிய கால வாடகைக்கு மாறுகிறது.

எனவே தங்குவதிலும் கொஞ்சம் யோசிக்கணும். பெட்டிச் சாவி எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஆளே கண்ணில் படாத அபார்ட்மென்ட்டை விட, குடும்பமே நடத்தும் சின்ன ஹோட்டலையோ, வீட்டோடு இருந்து காலை உணவு தருபவரையோ தேர்ந்தெடுப்பேன். சில யூரோ கூடுதலாக ஆகலாம். அபார்ட்மென்ட்தான் வேண்டும் என்றால், விளம்பரத்தில் தேசிய அடையாள எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இத்தாலியில் இப்போது அது கட்டாயம்.

கிளம்பும் முன்

காகித ரயில் டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அபராதம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் சகஜம், அதுவும் வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறைந்தபட்ச உள்ளூர் ரயில்கள் ஓடும். சந்தேகமாக இருந்தால் அந்த நேரத்துக்குள் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனம்: பழைய ஊர்களுக்குள் வெளியார் வண்டி நுழையத் தடை உண்டு. கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். கல் பாவிய ஏற்றத் தெருவில் சக்கரப் பெட்டி ஒரு இம்சை, முதுகுப்பை போதும். முழங்கால் வலியுள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப் போனால் ஃபனிகுலரும் லிஃப்டும் ஊர் வரை கொண்டுவிடும், கிணற்றுப் படிகளை மட்டும் அவர்கள் தவிர்க்கலாம்.

சிவிதாவுக்கும் போகணும் என்றால் சனிக்கிழமை போங்கள், ஞாயிறு, விடுமுறை நாட்களில் பேருந்தை நம்ப வேண்டாம். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பதால் கிளம்பும் நாளில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

தேதியும் முக்கியம். இத்தாலிக்காரர்களுக்கும் நம்மைப் போலவே லாங் வீக்எண்ட் பைத்தியம் உண்டு. வியாழக்கிழமை அரசு விடுமுறை வந்தால் வெள்ளிக்கு லீவு போட்டு இணைப்பதை 'பாலம் போடுவது' என்பார்கள். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, டிசம்பர் 8 ஆகியவற்றை ஒட்டிய வாரக் கடைசிகளில் அவர்களே குடும்பத்தோடு இந்த ஊர்களுக்கு வந்து நிறைவார்கள். ஆண்டின் கடைசி நாட்களில் ஓர்வியேட்டோவில் ஜாஸ் இசை விழா நடக்கும், அறை கிடைப்பது கஷ்டம். மார்ச் அல்லது அக்டோபர் நடுவில் ஒரு சாதாரண வாரக் கடைசி என்றால், அறை வாடகையும் இறங்கியிருக்கும், மாலை வெயிலில் தேவாலய முகப்புக்கு எதிரே இருக்கும் கல் திண்ணையில் உட்கார இடமும் கிடைக்கும்.